1 லட்சம் 25 லட்சம் ஆகுமா?

சேவூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நிலக்கடலை விற்ற ஒரு விவசாயி, 1 லட்சம் ரூபாய் ரொக்கத்தை வங்கியில் போடுறார்னு வைங்க. சி.ஆர்.ஆர். எனும் ரொக்க இருப்பு விகிதம் 4 சதவீதம் என்றால், வங்கி 4,000 ரூபாயை ரிசர்வ் வங்கியில் வைத்தே ஆகணும். அதற்கு வட்டி கிடையாது. மீதி 96,000-ஐ ஒரு விசைத்தறிக்காரருக்குக் கடனாகக் கொடுக்கலாம். அவர் நூல் வாங்குகிறார். நூல் வியாபாரி அந்தப் பணத்தைத் தன் வங்கியில் போடுகிறார். அந்த வங்கி 3,840-ஐ ஒதுக்கிவிட்டு 92,160-ஐக் கடன் கொடுக்கும். இப்படியே போகும்.

கவனிங்க, விவசாயி கணக்கில் 1 லட்சம் அப்படியே இருக்கு. வியாபாரி கணக்கில் புதுசா 96,000 வந்திருக்கு. ஆனா புது நோட்டு எதுவும் அடிக்கல!

நாம படிச்ச ஜியோமெட்ரிக் சீரிஸ்தான் இது. 1-ஐ 0.04-ஆல் வகுத்தால் 25. அதாவது மொத்த டெபாசிட் 25 லட்சம் வரை போகலாம். இந்த 25-தான் பணப் பெருக்கி, மணி மல்டிப்ளையர்.

ஆனால் நிஜத்தில் இந்தியாவின் பெருக்கி 6-ஐ ஒட்டித்தான் இருக்கு. ஏன்? சனிக்கிழமை சம்பளத்தை நினைச்சுப் பாருங்க. கையில் வாங்கின நோட்டு மளிகைக் கடை, சந்தை, பஸ் டிக்கெட்னு சுத்திட்டே இருக்கும். வங்கிக்குத் திரும்பாத பணத்தை வங்கி கடன் கொடுக்க முடியாது. சங்கிலி அங்கேயே அறுந்துடும்.

100 ரூபாய் டெபாசிட்டுக்கு 16 ரூபாய் மக்கள் கையில் ரொக்கமாக இருக்குன்னு வைப்போம். அப்போ கணக்கு: 1.16-ஐ (0.04 + 0.16)-ஆல் வகுக்கணும். விடை 5.8.

இப்போ நிஜ சம்பவத்துக்கு வருவோம். 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி சி.ஆர்.ஆரை 4-லிருந்து 3 சதவீதமாகக் குறைப்பதாக அறிவித்தது. செப்டம்பர் 6 முதல் நவம்பர் 29 வரை நான்கு தவணை. விடுபடும் தொகை சுமார் 2.5 லட்சம் கோடி ரூபாய். முதல் சூத்திரப்படி பெருக்கி 25-லிருந்து 33-க்குத் தாவணும். ரொக்கத்தையும் சேர்த்தால் 5.8-லிருந்து 6.1 மட்டும்தான்.

அதுவும் கடன் வாங்க ஆள் இருந்தால்தான். முதல் தவணைக்குப் பத்து நாள் முன்பு, ஆகஸ்ட் 27-ல், இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்காவின் 50 சதவீத வரி அமலுக்கு வந்தது. திருப்பூர் பனியன் ஏற்றுமதிக்கு அமெரிக்கா பெரிய சந்தை. ஆர்டர் இல்லாத கம்பெனி புது மெஷினுக்கு எதுக்கு லோன் கேட்கும்?

ஆக, சி.ஆர்.ஆர். உச்சவரம்பை மட்டும்தான் சொல்லுது. பணம் அதுவரை பெருகுமா என்பது மக்கள் கையில் எவ்வளவு ரொக்கம் தங்குது, எத்தனை பேர் கடன் கேட்கிறாங்க என்பதைப் பொறுத்தது. அடுத்த முறை சி.ஆர்.ஆர். குறைப்புச் செய்தி வந்தால், இந்த இரண்டையும் சேர்த்தே பாருங்க.