பழையதில் பிறந்த புதுமை

புதுமை படைக்கப் புதிய கருவியும் பெரும்பொருளும் வேண்டும் என்று நாம் எண்ணிவிடுகின்றோம். வீடியோ விளையாட்டுத் தொழிலின் வரலாறு அவ்வெண்ணத்தை மறுக்கின்றது.

ஜப்பானின் கியோட்டோ நகரில் 1889ஆம் ஆண்டு சீட்டுகள் செய்யத் தொடங்கிய நிறுவனம் நின்டென்டோ. அங்கு 1965இல் இயந்திரங்களைப் பராமரிக்கும் பணியில் சேர்ந்தவர் குன்பெய் யோகோய். ஓய்வு வேளையில் அவர் செய்த நீளும் கைப்பொறியை நிறுவனத் தலைவர் யமவுச்சி கண்டார். அதுவே 1966இல் 'அல்ட்ரா ஹேண்ட்' என்னும் விளையாட்டுப் பொருளாயிற்று.

விலை மலிந்து, குறைகள் நீங்கிப் பழகிப்போன தொழில்நுட்பத்தை எவரும் எண்ணாத வழியில் பயன்படுத்துதல் என்பதே யோகோயின் கொள்கை. கால்குலேட்டருக்குரிய திரவப் படிகத் திரையைக் கொண்டு 1980இல் 'கேம் அண்ட் வாட்ச்' என்னும் கையடக்க விளையாட்டுக் கருவியை அவர் அமைத்தார்.

1989இல் வெளிவந்த 'கேம் பாய்' கருவியின் திரையில் வண்ணம் இல்லை. அவ்வாண்டே வந்த அட்டாரி லிங்க்ஸும், 1990இல் வந்த சேகா கேம் கியரும் வண்ணத்தில் ஒளிர்ந்தன. ஆயினும் அவை ஆறு மின்கலங்களைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிட்டன. கேம் பாயோ நான்கு மின்கலங்களைக் கொண்டே பத்து மணி நேரத்திற்கு மேல் இயங்கியது, விலையும் குறைவு. பின்வந்த வண்ணப் பதிப்பையும் சேர்த்து 11 கோடிக்கு மேல் விற்பனையாயிற்று.

கருவியின் பெருமை வேறு. கருத்தின் பெருமை வேறு. ஆய்வுக்கூடத்தில் புதிய கணிப்பொறி இல்லையே என ஏங்கும் மாணவர், உள்ள கருவி எதற்கெல்லாம் உதவும் என்று முதலில் எண்ணிப் பார்த்தல் நன்று. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பது நம் முன்னோர் மொழியன்றோ!