வளைந்த கையோடு பிறந்த குழந்தை

குழந்தை பிறந்ததும் பெற்றவள் முகத்தைப் பார்க்கிறாள். பிறகு விரல்களை எண்ணிப் பார்க்கிறாள். மிகச் சில வீடுகளில் அந்த எண்ணிக்கை பாதியில் நின்றுவிடுகிறது. குழந்தையின் கை, மணிக்கட்டிலிருந்து பெருவிரல் பக்கமாக மடங்கிக் கிடக்கிறது. பெருவிரல் சூம்பியிருக்கிறது, அல்லது இல்லவே இல்லை. உடனே "கிரகணத்தன்று காய் நறுக்கினாயா? பாக்கு வெட்டினாயா?" என்று கேள்விகள் கிளம்புகின்றன. பழி தாயின் தலையில் விழுகிறது. குழந்தையின் கை துணிக்குள் மறைகிறது.

தாய்மார்களே! இதில் கிரகணத்துக்கும் பங்கில்லை, உங்கள் கத்திக்கும் பங்கில்லை. கையை மறைத்து வைப்பதுதான் குழந்தைக்குக் கெடுதல்.

எலும்பு ஒன்று குறைவதால்

முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இரண்டு எலும்புகள் உண்டு. சுண்டுவிரல் பக்கம் இருப்பது அல்னா. பெருவிரல் பக்கம் இருப்பது ரேடியஸ். மணிக்கட்டைத் தாங்கும் தூண் ரேடியஸ்தான். அது குட்டையாக இருந்தாலோ, இல்லாமலே போனாலோ, கை அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். முப்பதாயிரம் முதல் ஒரு லட்சம் பிரசவங்களில் ஒன்றில் இப்படி நேர்கிறது. ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்கு இரண்டு கைகளிலுமே இக்குறை இருக்கும்.

கரு உண்டான நான்காவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் கை உருவாகிவிடுகிறது. தான் கர்ப்பம் என்பதே பல பெண்களுக்குத் தெரியாத காலம் அது! பெரும்பாலும் காரணம் இன்னதென்று தெரிவதில்லை. சில குடும்பங்களில் பரம்பரையாக வரும். மருந்தாலும் வந்ததுண்டு. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைட் என்ற மருந்தைக் கர்ப்பிணிகள் உட்கொண்டதால், பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறையோடு பிறந்தன. 1961-இல் அங்கே அதை நிறுத்தினார்கள். கர்ப்ப காலத்தில் டாக்டரைக் கேட்காமல் எந்த மாத்திரையும் வேண்டாம் என்பது அதனால்தான்.

கைக்கு முன்னால் இருதயம்

கண்ணுக்குத் தெரிவது கை மட்டுமே. ஆனால் இக்குறையுள்ள சில குழந்தைகளுக்கு இருதயத்தில் ஓட்டை, சிறுநீரகக் கோளாறு, முதுகெலும்புக் குறை ஆகியவையும் இருக்கலாம். சிலருக்கு இரத்தத்தை உறைய வைக்கும் அணுக்கள் குறைவு. இலேசாகப் பட்டாலே தோல் கன்றிப்போகும். வேறு சிலருக்கு, சில வருடங்கள் கழித்து இரத்தம் ஊறுவதே குறைந்துவிடும். இவை உயிர் சம்பந்தப்பட்டவை. ஆகவே பிறந்த சில நாட்களிலேயே பெரிய ஆஸ்பத்திரியில் இருதயம், சிறுநீரகம், இரத்தம் மூன்றையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

வைத்தியம் வீட்டில் தொடங்குகிறது

எண்ணெய் தடவி, மூங்கில் பட்டை வைத்து இறுக்கிக் கட்டுவது ஆபத்து. பிஞ்சுக் கையில் இரத்த ஓட்டம் நின்றுபோகலாம். ஆஸ்பத்திரியில் மெதுவாக நீட்டிவிடும் முறையைத் தாய்க்குக் கற்றுக்கொடுப்பார்கள். துணி மாற்றும்போதெல்லாம் அதைச் செய்து, கையை நேராகப் பிடிக்கும் தாங்கு அச்சையும் மாட்ட வேண்டும். சதையும் நரம்பும் தளர்ந்தால்தான் பின்னால் அறுவை சிகிச்சை எளிதாகும். குறை சிறியதானால், இதுவே போதுமானதாகவும் இருக்கலாம்.

குறை பெரியதானால், ஏறக்குறைய ஒரு வயதையொட்டி அறுவை சிகிச்சை செய்கிறார்கள். மணிக்கட்டை அல்னா எலும்பின் நுனிமேல் நேராக உட்கார வைத்து, கம்பி செருகி நிறுத்துவார்கள். அமெரிக்க டாக்டர் சேயர் 1893-இலேயே இம்முறையை எழுதிவைத்தார். கை மிகவும் இறுகியிருந்தால், முதலில் வெளியே உலோகச் சட்டம் பொருத்தி, நாள்தோறும் சிறிது சிறிதாக இழுத்துத் தளர்த்துவார்கள்.

பெருவிரல் இல்லாத கைக்கும் வழி உண்டு. ஆட்காட்டி விரலை அதன் நரம்போடும் இரத்தக் குழாயோடும் இடம் மாற்றி, பெருவிரலாக நிறுத்துகிறார்கள். ஜெர்மனியில் ஹம்பர்க் நகர டாக்டர் புக்-கிராம்கோ இதைச் செம்மைப்படுத்தி 1971-இல் வெளியிட்டார். விரல் நான்குதான், ஆனால் குழந்தை பென்சில் பிடிக்கும், சட்டைப் பொத்தான் போடும்.

டாக்டர் வேண்டாமென்றால்

சில குழந்தைகளுக்கு முழங்கையும் மடங்காது. அப்போது, வளைந்த மணிக்கட்டுதான் சோற்றை வாய்க்குக் கொண்டுபோகிறது. அதை நிமிர்த்திவிட்டால், பார்க்க அழகாக இருக்கும். பிள்ளை தன் கையால் சாப்பிட முடியாது! ஆகவே, "நிமிர்த்த வேண்டாம்" என்று டாக்டர் சொன்னால், கைவிட்டுவிட்டார் என்று எண்ணாதீர்கள்.

செய்துகொண்டவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். முன்கை வளர்ந்த பின்னும் குட்டையாகவே இருக்கும். நிமிர்த்திய கை மறுபடி சாய்வதும் சகஜம். அதனால்தான் வளர்ச்சி முடியும்வரை இரவில் தாங்கு அச்சு போடச் சொல்கிறார்கள். கம்பி எடுத்தாயிற்று, வேலை முடிந்தது என்று தவணைக்குப் போகாமல் விட்டுவிடாதீர்கள். காலை வேலைக்குப் போனால்தான் சம்பளம் என்ற நிலை உண்மைதான். தாய்க்கு முடியாத நாளில் தகப்பனோ பாட்டியோ போகலாம். தவணை மட்டும் தவறக்கூடாது.

இப்படிப் பிறந்த பிள்ளைகள், தங்கள் கையைத் தங்கள் வழியில் பயன்படுத்தக் கற்றுக்கொள்கிறார்கள். டம்ளரைப் பிடிக்கட்டும், செருப்பு மாட்டட்டும். நேரமானாலும் நீங்கள் முந்திக்கொண்டு செய்யாதீர்கள். விருந்தினர் வந்தால் அந்தக் கையைத் துணியால் மூடாதீர்கள். பெற்றவர்கள் வெட்கப்பட்டால் பிள்ளையும் வெட்கப்படக் கற்றுக்கொள்ளும்.