டைப்பிங் மறந்து போச்சா?

பள்ளி விடுமுறையில் டைப்ரைட்டிங் சேர்ந்து, லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்து, கல்யாணத்தோடு அதைக் கைவிட்ட பெண்களை ஆத்தூர் பக்கம் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். பிள்ளைகள் வளர்ந்த பிறகு ஒரு வேலைக்குப் போகலாமே என்றால், "அதெல்லாம் மறந்து போச்சுங்க" என்பார்கள். சிறுவயதில் பியானோவோ கீபோர்டோ கற்று, கிரேடு தேர்வுகளோடு நிறுத்தியவர்கள் சொல்வதும் இதையேதான். மறக்கவில்லை என்கிறது அறிவியல்.

தட்டச்சும் பியானோவும் நெருங்கிய உறவு. கிறிஸ்டோபர் ஷோல்ஸ் 1868இல் காப்புரிமை பெற்ற தட்டச்சு எந்திரத்தில் பியானோக் கட்டைகள் போன்றவையே இருந்தன. கண்ணைத் தாளில் வைத்துக்கொண்டு பத்து விரல்களையும் வரிசை தவறாமல் ஓட்டுவதுதான் இரண்டிலும் வேலை.

அமெரிக்காவில் ஹில் என்பவர் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி, தட்டச்சு கற்ற வேகத்தை அன்றாடம் குறித்து வைத்தார். உளவியலாளர் தார்ன்டைக்குடன் சேர்ந்து 1913இல் அதை வெளியிட்டார். முதலில் கற்றுக் கால் நூற்றாண்டு கழித்து மீண்டும் உட்கார்ந்து பார்த்து 1934இல் எழுதினார். பழைய வேகம் அப்படியே வந்துவிடவில்லை. ஆனால் முதல்முறை பிடித்த காலத்தில் சிறு பகுதியிலேயே அதைத் திரும்பப் பிடித்துவிட்டார். 80 வயதில் மறுபடி கற்றுப் பார்த்து, 1957இல் இன்னொரு கட்டுரையும் தந்தார். இப்படி மிச்சமாகும் நேரத்தை 1885லேயே அளந்து காட்டியவர் ஜெர்மானியரான எபிங்ஹவுஸ். நினைவுக்கு வராத பாடத்தைக்கூட இரண்டாம் முறை படிக்கும்போது உழைப்பு குறைகிறது என்றால், அதன் தடம் மூளையில் எங்கோ இருக்கிறது என்றுதானே பொருள்?

தடம் இருக்கும் இடம்தான் எனக்குப் பெரிய வியப்பு. பெயர்களையும் நிகழ்ச்சிகளையும் பதிய வைக்க ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப்பகுதி வேண்டும். விரல் பழக்கத்தைச் சுமப்பவை சிறுமூளை, அடிநரம்பு முடிச்சுகள், இயக்கப் புறணி ஆகியவை. 1985இல் மூளைக்காய்ச்சலால் நினைவாற்றலைப் பறிகொடுத்த பிரிட்டன் இசைக்கலைஞர் கிளைவ் வேரிங், சற்றுமுன் நடந்ததைக்கூட மறந்துவிடுவார். ஆனாலும் பியானோ முன் அமர்ந்தால் வாசிப்பார். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் நல்ல வேகத்தில் தட்டச்சு செய்பவர்களிடம் எழுத்தில்லாத விசைப்பலகைப் படத்தைத் தந்தார்கள். 26 எழுத்துகளில் சராசரியாக 15 எழுத்துகளைத்தான் சரியான இடத்தில் வைத்தார்கள். ஆகவே "எந்த எழுத்து எங்கே என்றே நினைவில்லை" என்பவர் அதை வைத்துத் தம் விரல்களை எடைபோடக் கூடாது.

இந்தத் தடம் நிலைப்பதற்கும் சான்று உண்டு. புதிய திறன் கற்ற எலிகளின் நரம்புச் செல்களில், பிற செல்களோடு இணைவதற்காக முளைத்த நுண்முட்கள் பல, பயிற்சி நின்ற பின்னும் மாதக்கணக்கில் நிலைத்திருந்ததை 2009இல் கண்டார்கள்.

இழப்பும் உண்டுதான். முதலில் போவது வேகமும் சீரும். பியானோவில் மனப்பாடமாக வாசித்த நீண்ட உருப்படி நடுவில் அறுந்துபோகும். ஸ்கேல்கள் சீக்கிரம் திரும்பும். அதனால் பழைய உருப்படியை முதல் நாளே வாசித்துப் பார்ப்பதும், ஹையருக்கான நிமிடத்துக்கு 45 சொல்லை அளந்து பார்ப்பதும் வேண்டாத மனச்சோர்வைத்தான் தரும். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப் என்று முதல் பாடத்திலிருந்தே, கட்டையைப் பார்க்காமல், மெதுவாகத் தொடங்கலாம். சிறிது நேரம் அடித்துவிட்டுத் தூங்கப் போவது நல்லது. 2002இல் நடந்த விரல்தட்டுச் சோதனையில், ஓர் இரவுத் தூக்கத்துக்குப் பின் வேகம் ஏறத்தாழ 20 சதவீதம் கூடியிருந்தது, இடையில் பயிற்சி எதுவும் இல்லாமலே.