ராணித் தேனீ: தாய்ப் பெட்டியைப் பார்த்து எடுங்கள்

தேனீ வளர்க்கும் விவசாயிகள் பலர், தானாகக் கூட்டம் பிரியும் பெட்டியிலிருந்து ராணி அறைகளை வெட்டி எடுத்துப் புதுப் பெட்டிகளுக்கு வைக்கின்றனர். செலவில்லாத வழிதான். ஆனால் அடிக்கடி பிரிந்து ஓடும் குணமும் அந்த ராணியோடு சேர்ந்தே வந்துவிடக்கூடும்.

ராணியும் பணித் தேனீயும் கருவுற்ற ஒரே வகை முட்டையிலிருந்தே தோன்றுகின்றன. புழுப் பருவம் முழுவதும் ராஜக்கூழ் தாராளமாக ஊட்டப்பட்ட புழு ராணியாகிறது. ஆகவே தீனி நன்றாயிருந்தால் போதும் என்பது பாதி உண்மை. ராணியின் பருமனும் சூலகத்தின் வளர்ச்சியும் பெரிதும் தீனியைப் பொறுத்தவை. நோய் தாங்கும் திறன், சாந்த குணம், தேன் சேர்க்கும் சுறுசுறுப்பு ஆகியவற்றில் வம்சத்துக்கும் பங்குண்டு. 1991-92-இல் தென்னிந்தியாவில் பரவிய தாய்லாந்து சாக்குப்புழு நோய், இந்தியத் தேனீக் கூட்டங்களைப் பெருமளவில் அழித்தது. மார்த்தாண்டம் பகுதி வளர்ப்போருக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நோய் வந்த தோட்டத்திலும் தாக்குப்பிடித்து நிற்கும் பெட்டியே நல்ல தாய்ப் பெட்டி.

அதற்காக அந்த ஒரு பெட்டியிலிருந்தே எல்லா ராணிகளையும் எடுப்பது தவறு. ராணி வெளியே பறந்து சென்று பல ஆண் தேனீக்களுடன் கலக்கிறது. சுற்றிலும் ஒரே வம்சம் இருந்தால் உறவுக்குள்ளேயே கலப்பு நேரும். தேனீயில் ஆண், பெண் என்பதை முடிவு செய்யும் மரபணு ஒன்று உண்டு. ராணியிடமுள்ள அதன் இரண்டு வகைகளில் ஒன்றையே ஆணும் கொண்டுவந்தால், அந்த ஆணால் கருவுறும் முட்டைகளில் பாதி, பணித் தேனீயாகாமல் ஆண் புழுக்களாகிவிடும். இத்தகைய புழுக்களைப் பணித் தேனீக்களே தின்றுவிடுகின்றன. அடையில் மூடிய அறைகளுக்கு நடுவே வெற்றறைகள் சிதறிக் கிடக்கும். கூட்டம் பெருகாது. நோயாலும் அடை இப்படி ஆகலாம் என்பதால், செத்த புழு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஓராண்டாவது கவனித்துக் குறித்துவைத்த நாலைந்து நல்ல பெட்டிகளைத் தாயாகக் கொள்வது நல்லது. ஆண் தேனீக்கள் நடமாடும் பருவத்தில் பெட்டியைப் பிரித்து, ராணியில்லாத பாதிக்கு முட்டையும் இளம்புழுவும் உள்ள அடையைக் கொடுக்கலாம். மூன்று நாளுக்குள் மூடப்படும் ராணி அறைகள் முதிர்ந்த புழுவில் கட்டியவை. அவற்றை நீக்கிவிட வேண்டும். ஆண் தேனீ பக்கத்துத் தோட்டத்திலிருந்தும் வருமாதலால், அண்டை வளர்ப்போரும் இதில் சேர்ந்துகொண்டால்தான் பலன் முழுதாகக் கிடைக்கும். ராணி அறைகளை மாற்றிக்கொள்ளும்போது நோயில்லாத பெட்டியிலிருந்தே எடுக்க வேண்டும்.