பெயருக்குப் பட்டம்

1904ஆம் ஆண்டு முதல் 1907ஆம் ஆண்டு வரை, இங்கிலாந்திலிருந்து அயர்லாந்துக்குக் கப்பலேறிய பெண்மணிகளுள் ஒரு சாராருக்கு விசித்திரமான அலுவல் ஒன்று இருந்தது. அவர்கள் டப்ளின் நகரில் இறங்குவர். திரித்துவக் கல்லூரியிலே அங்கியணிந்து பட்டம் பெறுவர். பின்னர் ஊர் திரும்புவர். அக்கல்லூரியில் அவர்கள் ஒரு நாளேனும் பயின்றவரல்லர். பயின்றதும் பரீட்சையிற் சித்தியெய்தியதும் ஒக்ஸ்போட்டிலும் கேம்பிரிட்ஜிலுமே. அவ்விரு சர்வகலாசாலைகளும் பெண்களுக்குப் பட்டமளிக்க மறுத்தன. ஆசிரியத் தொழிலை நாடிய மங்கையர்க்கு அஃது ஒரு பெருங்குறை. அவற்றின் கல்வியைத் தன் கல்விக்கு நிகராக ஏற்றுவந்த டப்ளினோ அதனை அளித்தது. இவ்வாறு பட்டம் பெற்றோர் ஏறக்குறைய எழுநூற்றுவர். ‘நீராவிக் கப்பல் மங்கையர்’ என்னும் பெயரும் அவர்களுக்கு வழங்கலாயிற்று. அவர்கள் செலுத்திய கட்டணம் டப்ளினில் மாணவியர் விடுதி அமைக்க உதவிற்று என்பது இக்கதையின் இனிய பகுதி.

பெண்களின் ஆற்றலைக் கேம்பிரிட்ஜ் அறியாதிருக்கவில்லை. 1881 முதல் ஆண்கள் எழுதிய சிறப்புப் பரீட்சைகளை அவர்களும் எழுதினர். 1890இல் நியூனம் கல்லூரி மாணவி பிலிப்பா போசெற், கணிதத்தில் ஆண்களுள் முதல்வராய் நின்றவரையும் விஞ்சினார். ‘முதல்வருக்கும் மேல்’ என்று அவர் பெயர் வாசிக்கப்பட்டது. ஆனால் முதல்வர் என்ற சிறப்பு அந்த ஆண்மகனுக்கே உரியதாயிற்று.

பரீட்சை எழுத விட்டவர்கள் பட்டத்தை மட்டும் மறுத்தது ஏன்? பட்டம் பெற்றவர் நாளடைவில் சர்வகலாசாலைச் சபையில் உறுப்பினராவர். அதன் விதிகளை ஆக்கவும் மாற்றவும் வாக்களிப்பர். நிருவாகத்தில் இந்தப் பங்கைக் கொடுக்கவே மனம் வரவில்லை. 1897இல் நிகழ்ந்த வாக்கெடுப்பில் ஆதரவு 661, எதிர்ப்பு 1,707. துவிச்சக்கர வண்டியில் அமர்ந்த பெண்ணுருவப் பொம்மையொன்றைச் சபை மண்டபத்துக்கு எதிரே தொங்கவிட்டு மாணவர் ஆரவாரித்தனர். 1921இலும் முழு உரிமை மறுக்கப்பட்டது. பெயரளவிலான பட்டம் மாத்திரம் கிடைத்தது. அன்றிரவு இளைஞர் சிலர் கைவண்டியொன்றால் மோதி நியூனம் கல்லூரி வாயிற்கதவைச் சேதப்படுத்தினர். வென்றவர்களுக்கு இத்துணைச் சினம் எதற்கோ!

அதே 1921இலேதான் கொழும்பில் நம் சர்வகலாசாலைக் கல்லூரி திறக்கப்பட்டது. அது மாணவரை இலண்டன் பட்டங்களுக்கு ஆயத்தஞ் செய்தது. இலண்டனோ 1878இலேயே தன் பட்டங்களைப் பெண்களுக்குத் திறந்துவிட்டது. ஆகவே, கொழும்பிற் பயின்ற மாணவிக்கு எட்டிய முழுப் பட்டம் கேம்பிரிட்ஜ் மாணவிக்கு எட்டவில்லை.

1939இல் டொறதி கறொட் அங்கே தொல்பொருளியற் பேராசிரியரானார். கேம்பிரிட்ஜின் முதற் பெண் பேராசிரியர் அவரே. எனினும் சர்வகலாசாலையின் முழு உறுப்பினர் அல்லர்! அவ்வுரிமை 1948இலேயே பெண்களுக்குக் கிடைத்தது. அதன் பின்னரும் ஆடவர் கல்லூரிகள் பல தத்தம் கதவுகளை மூடியே வைத்திருந்தன. இறுதியாக மோட்லின் கல்லூரி 1988இல் மாணவியரை ஏற்றது. அப்போது மாணவர் சிலர் கையிற் கறுப்புப் பட்டி அணிந்து துக்கம் காத்தனர்.