வாலில் தொங்கும் வேர்

லங்வொர்ட், லிவர்வொர்ட், மக்வொர்ட் என்று ஆங்கிலத் தாவரப் பெயர்கள் பலவற்றின் வாலில் 'வொர்ட்' என்றொரு துண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தோலில் வரும் மருவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பழைய ஆங்கிலத்தில் இது 'விர்ட்'. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் செடி, கீரை, மருந்துப் பூண்டு, வேர் எல்லாமே விர்ட்தான். ஜெர்மானியர் வேரை 'வுர்ட்செல்' என்பதும் இந்த வழியில்தான். இன்றைய 'ரூட்' வைக்கிங்குகளின் மொழியிலிருந்து வந்த பங்காளி. 'பிளான்ட்', 'ஹெர்ப்' ஆகியவையும் குடியேறிய பிறகு, பழைய சொல் பெயர்களின் வாலில் ஒதுங்கிவிட்டது. தமிழருக்கு இந்தக் கதை புதிதல்ல. மூலம் என்றால் வேர், அதிலிருந்துதான் மூலிகை.

வால் 'மருந்து' என்றால், தலை எந்த நோய்க்கு என்று சொல்லும். லங்வொர்ட்டின் புள்ளி விழுந்த இலை நுரையீரலைப் போலிருந்ததால் அது மார்புச் சளிக்கு. உருவத்தைப் பார்த்து மருத்துவம் செய்த காலம் அது. பர்த்வொர்ட்டின் வளைந்த பூ கருப்பையை நினைவூட்டியது, பிரசவத்துக்குக் கொடுத்தார்கள். அதன் தாவரவியல் பெயரான அரிஸ்டோலோகியாவிலும் 'சிறந்த', 'பிரசவம்' என்ற இரு கிரேக்கச் சொற்கள் உள்ளன.

அந்த நல்ல பெயருக்குப் பின்னால் இருந்த விஷம் 1990களில் பிரஸ்ஸல்ஸில் வெளிப்பட்டது. உடல் இளைக்க மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு அடுத்தடுத்து சிறுநீரகம் பழுதானது. 1993இல் 'லான்செட்' மருத்துவ இதழில் செய்தி வந்தது. பாதிக்கப்பட்டவர்கள் நூறு பேருக்கும் மேல். பலருக்குப் பின்னர் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. மாத்திரையில் சேர்த்திருக்க வேண்டியது 'ஹான் ஃபாங் ஜி' என்ற சீன வேர். சேர்ந்தது 'குவாங் ஃபாங் ஜி', பர்த்வொர்ட் இனம். பெயர்க் குழப்பம், அவ்வளவுதான். குற்றவாளி அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம். இந்த இனச் செடிகள் கலந்த மருந்துகள் புற்றுநோய் உண்டாக்குபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2002இல் அறிவித்தது.

இதே இனத்தில் 'இண்டியன் பர்த்வொர்ட்' என்றும் ஒன்று உண்டு. பாம்புக்கடிக்கு நம் கிராமங்களில் பேர்போன ஈஸ்வரமூலிதான் அது. பெருமருந்து என்றும் சொல்வார்கள். அதே அமிலம் இதிலும் இருக்கிறது.