ஆயர் தாவார் வெயிலில் முயல்

‘ஒரு பெட்டை, வருசத்துக்கு ஐந்து ஈற்று, ஈற்றுக்கு ஆறேழு குட்டி.’ கறிக்கு முயல் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் இந்தப் பெருக்கலோடுதான் தொடங்குவார்கள். கணக்கில் பிழையில்லை. சினைக்காலமே 31 நாள்தான். விட்டுப்போவது வெயில்.

தமிழ்நாட்டில் இறைச்சி முயலுக்குப் பேர்போன இடம் கொடைக்கானல் மலைமேல் இருக்கும் மன்னவனூர். மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் அங்கே வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா இனங்களை வளர்க்கிறது. ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம், கம்பளி இல்லாமல் தூங்க முடியாத குளிர். ஆயர் தாவாரோ மலேசியாவின் மஞ்சோங் மாவட்டத்துத் தாழ்நிலம், பால்மரம் போய்ச் செம்பனை வந்த பூமி. மதியம் 32 பாகையைத் தொடும், ராத்திரியிலும் புழுக்கம் விடாது.

முயலுக்கு வியர்க்காது என்றே சொல்லலாம். உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியேற்றும். உச்சிவெயிலில் தொட்டுப் பார்த்தால் காது கொதிக்கும், நரம்பு புடைத்திருக்கும். 30 பாகைக்கு மேல் நாள்கணக்கில் நீடித்தால் ஆண் முயலின் விந்து கெட்டுப்போகும், தேறுவதற்குள் ஒன்றரை இரண்டு மாதம் ஓடிவிடும். பெட்டை சினைப்படவில்லையே என்று அதை மாற்றுபவர்கள் உண்டு. பாவம், குற்றம் அதனுடையது அல்ல.

அதனால் கொட்டகைதான் முதல் முதலீடு. வெறும் தகரக் கூரை அடுப்பாகிவிடும். அத்தாப்பு ஓலை வேய்ந்து, மரநிழலில், நாலு பக்கமும் காற்றோட விட வேண்டும். கூண்டு இடுப்புயரம், அடியில் கம்பிவலை, புழுக்கை கீழே விழுந்துவிடும். வலையில் இடுக்கு இருந்தால் மலைப்பாம்பு நுழையும். விழுங்கிய வயிற்றோடு வெளியேற முடியாமல் காலையில் அங்கேயே சுருண்டு கிடக்கும். மதியத்தில் உறைந்த தண்ணீர்ப் போத்தலைக் கூண்டுக்குள் போட்டால் முயல் அதன்மேல் விலா படச் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்ளும். பார்க்க ஏதோ சொகுசுப் பிராணி போலிருக்கும், அதற்கு அது உயிர்ப் பிரச்சினை.

இணை சேர்ப்பது விடிகாலையில். பெட்டையைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மாற்றிச் செய்தால் தன் இடத்துக்கு வந்தவனைப் பெட்டை கடித்துவிடும். காரியம் சில நொடிதான், முடிந்ததும் ஆண் பக்கவாட்டில் பொத்தென்று விழும். பெட்டைக்குக் கருமுட்டை வெளியாவதே இணை சேர்ந்த பிறகுதான், சுமார் பத்து மணி நேரம் கழித்து. 28ஆம் நாள் வைக்கோல் போட்ட பெட்டியை வைத்தால், வயிற்று மயிரைப் பிடுங்கித் தானே மெத்தை போட்டுக்கொள்ளும். குட்டிக்கு மயிரும் இருக்காது, கண்ணும் திறந்திருக்காது. தாய் நாளுக்கு ஒரே தடவை, நாலைந்து நிமிடம்தான் பால் கொடுக்கும். பால் கொடுக்காமல் திரிகிறது என்று பயப்பட வேண்டாம். குட்டியின் வயிறு உருண்டிருந்தால் போதும்.

தீனிக்குப் பஞ்சமில்லை. புல், வள்ளிக்கிழங்குக் கொடி, காங்கோங் கீரை. பறித்ததும் ஈரத்தோடு போடாமல் வாடவிட்டுப் போடுங்கள், இல்லையேல் வயிறு உப்பும். பெத்தாய் பெலாலாங் (சூபாபுல்) இலை கொஞ்சம் கொடுக்கலாம். கூடினால் மயிர் கொட்டும். களைக்கொல்லி அடித்த தோட்டப் புல்லைத் தொடவே கூடாது. தன் மென்மையான புழுக்கையைத் தானே தின்பதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள்: குடலில் நுண்ணுயிர்கள் ஆக்கிய புரதமும் வைட்டமினும் அப்படித்தான் அதன் உடம்பில் சேருகின்றன.

மூன்று, மூன்றரை மாதத்தில் இரண்டு கிலோ நிற்கும், அறுத்தால் பாதிதான் கறி. கொழுப்பு மிகக் குறைவு. கோழி நினைப்பில் தீயைக் கூட்டினால் நார்நாராகிவிடும். மூடிபோட்டுச் சிறுதீயில் வேகவிட்டு, கடைசியில் தேங்காய்ப்பால் ஊற்றி இறக்குங்கள்.